ஏச்சில் ஓடிய மோட்டார்

எழுபத்தைந்தாம் வருஷம் சித்திரை மாதம், சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தில், முருகம்மாள் தன் புருஷன் சிவனாண்டியை ஏசியபோது கரண்ட் இல்லாத மோட்டார் ஓடியது. அது ஐந்து குதிரைசக்தி மோட்டார். அந்தக் கோடையில் அணைகள் வற்றி, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் கரண்ட் என்று அரசாங்கம் முறை வைத்திருந்தது. அந்த மூன்று மணி நேரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை ஏக்கர் மிளகாய் பூவும் பிஞ்சுமாக வாடிக்கொண்டிருந்தது. சிவனாண்டி பம்புசெட் ரூமைப் பூட்டாமல் வந்ததில் ஆடு புகுந்து உரமூட்டையைக் கிழித்துவிட்டது.

"ஒரு கதவைப் பூட்டத் துப்பில்ல! ஒம்மைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன்?" என்று அவள் ஆரம்பித்ததும் மோட்டார் உறுமியது. ஏச்சு முடிவதற்குள் ஆறு பாத்தி பாய்ந்திருந்தது.

அன்றிலிருந்து தினம் ஒரு தப்புச் செய்வது சிவனாண்டியின் வேலையாயிற்று. ஒரு நாள் மம்பட்டியைக் கிணற்றில் போட்டான். ஒரு நாள் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான். வளையலுக்கு ஏச்சு குறைவு, அரைப் பாத்திதான் பாய்ந்தது. பக்கத்துத் தோட்டத்து மூக்காண்டி வேலியோரம் வந்து நின்றான். "அண்ணாச்சி, நம்ம பருத்தியும் காயுது. இன்னைக்குக் கொஞ்சம் பெரிய தப்பாப் பண்ணப்படாதா?" சிவனாண்டி முருகம்மாள் காதுபட அவள் கூடப்பிறந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். மூக்காண்டியின் இரண்டு ஏக்கரும் நனைந்தது.

ஜீப்பில் மின்வாரிய அதிகாரி ஒருவர் வந்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முருகம்மாளை ஏசச் சொன்னார். மோட்டார் ஓடியது. பதினைந்து நாளில் உத்தரவு வந்தது: ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை முருகம்மாள் ஏசக்கூடாது, மற்ற நேரம் ஆட்சேபணை இல்லை. அதோடு, பற்றாக்குறைக் காலத்தில் நாட்டுக்கு உதவியதற்காக மேடை போட்டு அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. முருகம்மாள் சிரித்த முகமாகவே வீடு வந்தாள். சிவனாண்டி பால் பானையை உடைத்தான். "போனாப் போவுது, விடும்" என்றாள். பத்து நாள் இப்படியே போனது. மிளகாய் இலை சுருண்டது, பிஞ்சு உதிர்ந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்காது. மூக்காண்டி தன் பெண்டாட்டியை ஏசச் சொல்லிப் பார்த்தான்; காது வலித்ததுதான் மிச்சம்.

பதினோராம் நாள் சிவனாண்டி பொன்னாடையை எடுத்துப் போய் மோட்டார் கிரீஸைத் துடைத்தான். முருகம்மாள் பார்த்தாள். "பாவி மனுசா!" என்று தொடங்கியவள் மூன்று நாள் ஓயவில்லை. மாலை ஆறு மணி உத்தரவையும் அவள் மதிக்கவில்லை. கிணறு தரை தட்டியது. மிளகாய் பிழைத்தது.

சிறு விவசாயிகளுக்குக் கரண்ட் இலவசம் என்று வந்த வருஷம் முருகம்மாள் காய்ச்சலில் இறந்தாள். இலவசக் கரண்ட்டும் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிறது. ஆனால் பம்புசெட் ரூமைப் பூட்டாமல் விட்டால் கரண்ட் இல்லாத நேரத்திலும் மோட்டார் ஓடுகிறது. சிவனாண்டி பெரும்பாலும் பூட்டுவதில்லை.