ஆறு பேருக்கும் ஒரே காற்று

எண்பத்தாறு மணி நேரம் இருந்தது. புதன் மாலை நான்கிலிருந்து ஞாயிறு காலை ஆறு வரை. அதற்குள் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் வேலை செய்வது சைக்கிள் கடையில். டயர் பகுதி. இயற்பியல் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் என்று சேர்ந்தேன். இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சேரும்போது ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மீன் விற்பவரிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, அந்த மாதிரி.

எல்லாம் நர்ஸ் அக்காவின் ட்யூபில் தொடங்கியது. ஞாயிறுகளில் எங்கள் கடை வாசலிலிருந்து முதலாளியையும் சேர்த்து ஆறு பேர் கிளம்புவார்கள். கொஞ்ச தூரம் தார் ரோடு, பிறகு ஜல்லி, மண், வாய்க்கால் கரை. திரும்பி வரும்போது நர்ஸ் அக்கா மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். வாரம் ஒரு ட்யூப். ஒருநாள் நான் வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷினை எடுத்து வந்தேன். பின் சக்கரத்தை மெஷின் மேல் வைத்தேன். முன் சக்கரத்துக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. அக்காவைச் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காரச் சொன்னேன். பிறகு மெஷினையும் பலகையையும் இடம் மாற்றினேன். எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு. முப்பத்தைந்து மில்லிமீட்டர் டயரைக் கழற்றி நாற்பத்தைந்து போட்டேன். காற்று, பின்னால் முப்பத்திரண்டு பவுண்டு, முன்னால் இருபத்தொன்பது. சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு ட்யூப் போகவில்லை.

"இது புஸ்தகத்துல வர்ற அறிவு இல்ல," என்றார் வாத்தியார். ஆறு பேரில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவர். "கல்லுலயும் முள்ளுலயும் ஓட்டி வந்தது. முழங்கையைப் பாருங்க."

எல்லோரும் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார்கள். பஸ் படியில் வழுக்கி வாங்கியது அது. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்குப் பேச வேண்டும்.

அன்றிலிருந்து நான் 'டாக்டர்'. ஆறு பேரும் மெஷினில் ஏறினார்கள், ஆறு பேருக்கும் சீட்டு எழுதினேன். நான் வாய் திறக்காமலேயே நாலு பேர் என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை இழக்க எனக்கு மனசில்லை.

புதன் நான்கு மணிக்கு முதலாளி உள்ளே வந்து, "ஞாயித்துக்கிழமை கல்குவாரிப் பாதைம்மா. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். நீதான் முன்னாடி போறே, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றார்.

"சார், நான்..."

"கூச்சப்படாதே. உன் உயரத்துக்கு ஒரு சைக்கிள் எடுத்து வெச்சிருக்கேன். இன்னைக்கே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ."

மூன்று கிலோமீட்டர். உருட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பல் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எனக்கு எட்டு வயதில் அப்பா வாங்கித் தந்த சைக்கிளை, தன் ஆறு வயதில் ஒரே சாயங்காலத்தில் ஓட்டியவள்.

"யாருக்குக்கா இது?"

சொன்னேன். படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "சரி, காலைல அஞ்சரைக்குக் கீழே வா," என்றாள்.

வியாழன், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்தோம். அவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"சக்கரத்தைப் பார்க்காதே, எதிரே பாரு."

"சாயற பக்கமே ஹேண்டிலைத் திருப்பணும். அப்பதான் மையம்..."

"நீ கணக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள விழுந்துடறேக்கா. பெடலை மிதி."

விழுந்தேன். வெள்ளியன்றும் விழுந்தேன், இரண்டு பக்கமும் சமமாக. மேலே பால்கனியிலிருந்து அம்மா, "மூத்தவளைப் படிக்க வெச்சது தப்பாப் போச்சு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் துணி காயப்போட்டாள்.

சனிக்கிழமை தங்கை கையை எடுத்தது எனக்குத் தெரியவில்லை. திடீரென்று பின்னால் மூச்சிரைப்பு கேட்கவில்லை. காதில் காற்று மட்டும். பிறகு பூந்தொட்டி. எழுந்து டேப் வைத்து அளந்தோம். பதினோரு மீட்டர்.

"நல்லா வந்துச்சுல்ல?" என்றேன். என் முகம் எனக்கே சூடாக இருந்தது.

"ரொம்ப நல்லா வந்துச்சு. நாப்பத்திரண்டு கிலோமீட்டர்ல பதினோரு மீட்டரைக் கழிச்சுட்டா மீதி கொஞ்சம்தான்." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "அக்கா, காலைக் காட்டு. கட்டு போட்டு விடறேன். சுளுக்குன்னு சொல்லிடு."

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, வலது கணுக்காலில் கட்டோடு கடை வாசலில் போய் நின்றேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. முதலாளிதான் முகம் வாடினார். "சரி விடும்மா, அடுத்த மாசம் போகலாம்." நர்ஸ் அக்கா குனிந்து கட்டைப் பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"தங்கச்சி. பல் டாக்டருக்குப் படிக்கிறா."

"அதானே பார்த்தேன்." கணுக்காலை ஒரு விரலால் அழுத்தினார். "வீக்கமே இல்லையே," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தார்.

தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது பம்ப் சத்தம் கேட்டது. வாத்தியார் தன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன். அறுபது.

"சார், உங்களுக்குப் பின்னால முப்பத்தெட்டுதானே எழுதிக் கொடுத்தேன்?"

"அது வாய்க்கால் கரைக்கு, டாக்டர். இன்னைக்குக் குவாரி இறக்கம். ரெண்டு கிலோமீட்டர். டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

"கல்லு மாதிரி இருந்தா ஜல்லி மேல குதிக்கும் சார். குதிக்கற நேரத்துல பிரேக் பிடிக்காது."

அவர் யோசித்தார். பம்பைக் கீழே வைத்தார்.

"சரி. நீங்க போன தடவை அந்த இறக்கத்துல எவ்வளவு காத்துல இறங்குனீங்க? அதைச் சொல்லுங்க. அதையே வெச்சுக்கறேன்."

"எனக்கும் அதையே போட்டுடும்மா," என்றார் முதலாளி. இன்னும் இரண்டு பேர் கேஜைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

என் எடை நாற்பத்தேழு கிலோ. வாத்தியார் எண்பத்து நான்கு. எனக்குச் சரியான காற்றில் அவர் இறங்கினால் முதல் பெரிய கல்லிலேயே ரிம் அடிபடும். அவருக்குச் சரியான காற்றில் நர்ஸ் அக்கா இறங்கினால் சைக்கிள் நிற்காது. ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு எண் கிடையாது. ஞாபகமில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர் அறுபதிலேயே இறங்குவார்.

"சீட்டுல இருக்கறதை வைங்க சார். அவங்கவங்க சீட்டுல இருக்கறது."

"அதுதான் கேக்கறேன். ஓட்டிப் பார்த்துதானே எழுதுனீங்க?"

"எனக்கு என் சீட்டு போதும்ப்பா," என்றார் நர்ஸ் அக்கா, கையுறையை மாட்டிக்கொண்டே. "எட்டு மாசமா ட்யூப் போகலை." என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு கிட்டத்தில் இருந்தது.

வாத்தியார் இன்னும் காத்திருந்தார். மற்ற ஐந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேசுவதற்காக இத்தனை பேர் காத்திருந்ததே இல்லை.

"ஓட்டிப் பார்க்கலை சார். எல்லாம் மெஷின் காட்டின எடையை வெச்சுப் போட்ட கணக்கு. மூணு தடவை சரிபார்த்த கணக்கு. அதை நம்பி இறங்கலாம்." குரல் நடுங்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."