ஒட்டின சுவருக்கு ஒரு கட்டு

"அறுபது இலை போதுமே, எண்பது ஊற வச்சிருக்க?" வாளியை எட்டிப் பார்த்துக் கேட்டான் சாய்ஃபா.

"கிழிஞ்சு போகும்ல" என்றாள் அவன் மனைவி யூலுவான்.

"இருபதா கிழியும்? முப்பது வருஷமா கட்டுற கை!"

அவள் மூங்கிலிலை இரண்டைக் கூம்பாக மடித்து அரிசியை அள்ளிப் போட்டாள். நாளை ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், இலைப் பொட்டலம் கட்டுகிற பண்டிகை. வெள்ளிக்கிழமையில் வந்ததால் சனி ஞாயிறு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. பக்கத்து வீட்டு புஜென்னின் மகள் ஷியாமெனிலிருந்து காலை ரயிலில் வருகிறாளாம். புஜென்னின் புருஷன் ஹொங்தூ இரண்டாம் மாதம்தான் போய்ச் சேர்ந்தான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் இலைப் பொட்டலம் கட்டக் கூடாது. அடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் கொடுப்பார்கள். புஜென் தூரத்துக் குய்ஜோவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஹொங்தூவோ கூடப்பிறப்பு இல்லாதவன். தெருக்காரர்களும், 'ஒட்டின சுவர்க்காரி யூலுவான் இருக்காளே' என்று விட்டுவிட்டார்கள். இப்படியே விட்டால் நாளை மதியப் படையலில் செத்தவன் படத்துக்கு முன்னால் வெறும் தட்டுதான்.

ஒட்டின சுவர்தான் வம்பு. பதினோரு வருஷத்துக்கு முன், இதே பண்டிகைக்கு முதல் நாள், சுவரைப் பூச வந்த ஹொங்தூ அவள் வளர்த்த மாசிபத்திரிச் செடியைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் போட்டான். பண்டிகைக்கு வாசலில் கட்டத் தழை இல்லாமல் நின்றவள் தெருவே கேட்கக் கத்தினாள்: "இனி உன் வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு!" மிதிக்கவில்லை. சாவுக்குக்கூட, சாய்ஃபாதான் போனான்.

"சண்டைக்காரனே போயாச்சு. இன்னும் யாரோட வீம்பு?" என்றான் அவன்.

"வாசப்படி அங்கேயேதானே இருக்கு."

"அப்ப சுவரேறிக் குதி."

சாயங்காலம், ஆவி அடங்காத பத்துப் பொட்டலத்தை ஒரே கட்டாகக் கூடையில் வைத்துக்கொண்டு போனாள். கதவு தட்டுமுன்பே திறந்தது. படிக்கு வெளியே நின்றபடியே கூடையை நீட்டினாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

புஜென் கூடையை வாங்கவில்லை. "மத்தியானத்துலேர்ந்து இலை வாசம் வருதுக்கா. உங்க வீட்டுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். "உள்ள வந்து நீங்களே வைங்க. அவரு பாக்கட்டும்."

யூலுவான் படியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். பெரிய படி ஒன்றுமில்லை, நாலு விரற்கடைதான்.

மறுநாள் மதியம் தாண்டி புஜென்னின் மகள் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறுங்கூடை அனுப்பக் கூடாதென்று சர்க்கரைப் பை. அதன் மேல், நனைந்த செய்தித்தாளில் சுற்றிய செடி.

"மாசிபத்திரி, பெரியம்மா. உங்க செடிதான், பிடுங்கின அன்னிக்கே அப்பா எங்க கொல்லையில நட்டு வச்சிட்டாரு. ஒவ்வொரு வருஷமும் குடுக்கணும்பாரு. அப்புறம், அடுத்த வருஷம்பாரு."

யூலுவான் கூடையை வாங்கிக்கொண்டாள். சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள். சுவரடிக்குப் போய் நின்றாள். ஒரு விரல் நுழையவும் மண் இல்லை, எல்லாம் சிமென்ட். வாசலில் சந்தையில் வாங்கிக் கட்டிய தழை வெயிலில் துவண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் கடப்பாரை எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"பண்டிகை நாள்லயா?" என்றான் சாய்ஃபா.

கூடையைக் குழாயடியில் இறக்கி, வேர் மேல் மெல்லத் தண்ணீர் விட்டாள்.