ஒரு விரல் லூசு

தையல்காரன் தன் கல்யாணத்தை மடித்துச் சட்டைக்குள் செருகியிருந்தான்.

வெள்ளைத் துணி. அதில் சிவப்பு நூலில், 'என்னைக் கட்டிக்கிறியா?' ரோலர் கோஸ்டர் முதல் சரிவில் தலைகுப்புறப் பாயும் இடத்தில் ஒரு கேமரா எல்லோரையும் படம் பிடிக்கும். அங்கே துணியை விரித்துப் பிடித்தால், படம் உடனே பிளாட்பாரத்துத் திரையில் தெரியும். திரைக்குக் கீழேதான், ஏறுகிறவர்களைச் சரிபார்த்து அனுப்பும் அவளுக்கு டியூட்டி. ஒரு வருஷமாக அவளிடம் சொல்ல வாய் வராதவனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அண்ணே, வண்டி நகரவே இல்ல, அதுக்குள்ள உனக்கு வேர்த்துக் கொட்டுது," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை.

"வாயை மூடுடி."

முதல் சீட்டிலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். மடிமேல் இறங்கிய கம்பியை ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு அழுத்து, மேலே ஒரு இழு. பச்சை விளக்கு எரிந்தால் மிஷினுக்குப் போதும்; அவளுக்குப் போதாது. கடைசி சீட்டும் கைக்குத் திருப்தியானால்தான் கட்டைவிரலை உயர்த்துவாள். அந்த விரலைப் பார்க்காமல் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர் வண்டியைக் கிளப்பும் பட்டனைத் தொடமாட்டார்.

அவன் முறை. அழுத்தினாள். இழுத்தாள். நின்றுவிட்டாள்.

"சார், வயித்துல என்ன?"

'சார்' ஆமே! நேற்று வரை கடைக்கு வந்து 'டெய்லரே' என்றவள்!

"ஒண்ணுமில்ல. விளக்கு பச்சைதானே? ஒரு விரல் லூசு இருந்தா என்ன? தினமும் அளவு எடுக்கிறவன் நான்."

"லூசு சட்டைக்கு விடுங்க. இங்க விட்டா ஆளே பறந்துடுவாரு. உள்ள இருக்கிறது நழுவினா, சரிவுல சீட்டை விட்டு எழும்பிடுவீங்க. வெளிய எடுங்க, இல்ல இறங்குங்க."

பின்சீட்டில் சிரிப்பு. வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அவள் அசையவில்லை.

காது சிவக்கத் துணியை உருவிக் கொடுத்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல், செருப்பும் பையும் கிடந்த அலமாரியில் போட்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

மறுபடி அழுத்தினாள். கம்பி இன்னும் இரண்டு 'கிளிக்' இறங்கி மடியைக் கவ்வியது. கட்டைவிரல் உயர்ந்தது.

வண்டி கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு மூச்சு நேரம் நின்றது. விழுந்தது! உடம்பு எகிறப் பார்த்தது; கம்பி விடவில்லை. அவள் கையே மடியில் இருப்பது போலிருந்தது. ராட்சசி! எத்தனை உயிரை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறாள்! அந்த நினைப்பில் ஒரு வருஷமாக அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

"என்னைக் கட்டிக்கிறியாஆஆஆ!"

கேமரா பளிச்சிட்டது.

"என் காது போச்சு அண்ணே!" என்று தங்கை அலறினாள்.

வண்டி திரும்பி வந்து நின்றது. அவள் எப்போதும்போல முதல் சீட்டிலிருந்தே வந்தாள்.

"கேட்டுச்சா?" என்று முணுமுணுத்தான்.

"ஊருக்கே கேட்டுச்சு. இறங்குங்க, அடுத்தவங்க ஏறணும்."

முகம் தொங்கிப்போய் இறங்கினான். அலமாரியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

அவள் கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே இருப்பவர் தப்பித்தவறியும் பார்த்துவிடாதபடி நெஞ்சோடு சேர்த்து, அவனுக்கு மட்டும் கட்டைவிரலை உயர்த்தினாள்.