விடயம்: வாவிக்கரைக்கு ஒரு குப்பைத்தொட்டி

சகல பொதுமக்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: கண்டல்முனை, வாவிக்கரை ஒழுங்கை, மூன்றாம் இலக்க வீட்டில் வசிக்கும் அரச கந்தோரில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் வல்லிபுரம் அவர்களுக்கு, இரண்டு வருடங்களும் ஐந்து மாதங்களும் கழிந்த பின்னர், பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வரலாற்றுச் சிறப்புமிக்க இந்நிகழ்வு செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்தேகாலுக்கு, தபால்காரரின் மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் நின்றபோது நடந்தேறியது. நேரில் கண்ட சாட்சி ஒரு தெருநாய்.

வல்லிபுரத்தார் கடிதத்தை உடனே உடைக்கவில்லை. அரச கடிதத்தைச் சாரத்தோடும் வெறும் மேலோடும் நின்று உடைப்பது முப்பத்திரண்டு வருடச் சேவைக்கு இழுக்கு. உள்ளே போய்ச் சேர்ட் போட்டு, மேல் பொத்தான்வரை பூட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். சவர பிளேட்டால் உறையின் ஓரத்தைக் கீறுவதற்கு முன், இந்தச் செய்தியை முதலில் ஆருக்குச் சொல்வது என்று யோசித்தார். மனைவி கண்ணகை கனடாவில். மகள் யசோதினியின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று போனவள்; அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அதற்குத் தம்பியும் பிறந்துவிட்டான். அங்கே இந்நேரம் எல்லோரும் நித்திரை. இடப்பக்கத்து வீட்டுக்காரர் சுவிஸில். அவர்களுடைய பூட்டு மட்டும் ஊரில் இருந்தது. வலப்பக்கம் வெறுங்காணி. ஆகவே உறையைத் தூக்கி நாய்க்குக் காட்டி, "பார்த்தியா?" என்றார். அதில் தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நாய் எழுந்து போய்விட்டது.

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு ஆரவாரம் ஏனென்றால், அவர் சபைக்கு நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். எல்லாம் பதிவுத் தபாலில், நீள்தாளில், குண்டு குண்டான எழுத்தில், இலக்கமிட்டு, கையொப்பமிட்டு, விலாசமிட்டு. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றே: 'விடயம்: வாவிக்கரை பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு குப்பைத்தொட்டி.'

அந்தத் தரிப்பிடம் அவர் வீட்டிலிருந்து இருநூறு அடி. வாவியில் மீன் பாடும் என்று நம்பி, அதைக் கேட்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் வான் வண்டியை நிறுத்துவார்கள். மீன் பாடாது. பசிக்கும். சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, சோறு சுற்றிவந்த லஞ்ச் சீற் பொலித்தீனை மடித்து, மடித்ததை மிகுந்த கவனத்தோடு வாவிக்குள் விடுவார்கள். உள்ளூர்க்காரர்களும் சோம்பேறிகளல்ல. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, குப்பை நிறைந்த சொப்பிங் பேக்கை ஒரு கையால் சுழற்றிக் கண்டல் மரங்களுக்குள் எறியும் திறமையை இவர்கள் கிரிக்கெட்டில் காட்டியிருந்தால் ஊருக்குப் பேர் கிடைத்திருக்கும். குப்பைக்கு ஆர் பொறுப்பு என்று கேட்டால், சனம் சபையைச் சொன்னது. சபை சனத்தைச் சொன்னது. ஊரார் வந்துபோகிறவர்களைச் சொன்னார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ் ஊர் அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊரைச் சொன்னது, அந்தப் பக்கத்து ஊர் இந்தப் பக்கத்து ஊரைச் சொன்னது. இனங்களுக்கிடையே இவ்வளவு சமத்துவமாக நடந்த காரியம் இந்த மாவட்டத்தில் வேறில்லை.

உறையைக் கீறி, தாளை எடுத்து, வல்லிபுரத்தார் வாசித்தார். குப்பைத்தொட்டி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாவிக்கரையில் பொறுக்கப்பட்ட குப்பைகளுக்குள் தங்களது பெயர், விலாசம், கையொப்பம் கொண்ட பதினொரு கடதாசிகள் காணப்பட்டுள்ளன. தண்டம் விதிக்கப்படாமைக்குக் காரணம் ஏதுமிருப்பின் நேரில் தோன்றித் தெரிவிக்கவும்.

அவர் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தினார்.

மறுநாள் காலை சபையில் அவரை விசாரித்தவர் திவாகரன், குப்பை மேற்பார்வையாளர், முப்பது வயதிருக்கும். சான்றுப் பொருட்கள் ஒரு சொப்பிங் பேக்கில் இருந்தன. அதை மேசையில் கவிழ்த்தபோது கச்சான் கடலைத் தோலும் உப்புத்தூளும் முதலில் கொட்டின. பிறகு, கூம்பாகச் சுருட்டிக் கசங்கிப்போன தாள்கள். வல்லிபுரத்தார் தன் எழுத்தை அடையாளம் கண்டார்.

"இது உங்கட கையெழுத்துத்தானே, ஐயா?"

"ஓம். ஆனா தம்பி, இது நான் சபைக்கு எழுதின கடிதம்."

"சபைக்கு எழுதினதெண்டா சபையில இரிக்கணும். இது ரோட்டில கிடந்தது."

"அதைத்தான் நானும் கேக்கிறன். இஞ்ச இருந்து ரோட்டுக்கு எப்பிடிப் போன?"

திவாகரனுக்கு அந்தக் கேள்வி தன் மேசைக்குரியதாகப் படவில்லை. ஒரு தாளை விரித்து, கடிதம்தானா என்று பார்ப்பதற்காகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"'மேற்படி விடயம் தொடர்பாக மேலும் அறியத்தருவது யாதெனில், நேற்று நான் சோறு ஆக்கவில்லை. ஓராளுக்கு உலை வைப்பது வீண் வேலை. கடைப் பாண் போதும்.'"

பக்கத்து மேசையில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திவாகரன் அடுத்த தாளை எடுத்தார்.

"'எனது இருபதாம் இலக்கக் கடிதத்துக்கு இதுவரை பதில் கிடைக்காமையினால், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தொலைபேசியில் கதைத்த விபரத்தை இத்துடன் அறியத்தருகிறேன். மொத்தம் ஏழு நிமிடம். பேரப்பிள்ளை தொலைபேசித் திரையில் என் முகத்தைப் பார்த்து, இது ஆர் என்று தாயிடம் கேட்டது. குப்பைத்தொட்டி இன்னும் வரவில்லை.'"

தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. வல்லிபுரத்தார் சேர்ட்டின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அது பூட்டித்தான் இருந்தது.

முதல் பன்னிரண்டு கடிதங்களும் ஒழுங்கானவை. சட்டப் பிரிவு, சுற்றறிக்கை இலக்கம், பிரதிகள் ஆராருக்கு என்பது எல்லாம் இருக்கும். பதின்மூன்றாவதில்தான், தான் எழுதுவதை ஒரு சீவனும் வாசிக்கவில்லை என்பது அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது. வாசிக்காத ஆளிடம் எதையும் சொல்லலாம். கண்ணகையிடம் சொன்னால் அவள் கவலைப்படுவாள், அல்லது கவலைப்படமாட்டாள். இரண்டில் எது நடந்தாலும் அவரால் தாங்க ஏலாது. சபைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

"இஞ்ச பாருங்க, தம்பி." அவர் ஒரு தாளின் மூலையைத் தொட்டார். "உங்கட சபையின்ட சீல். கிடைச்ச திகதியும் அடிச்சிரிக்கு."

திவாகரன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ஓம் ஐயா, சீல் இரிக்கி. அப்ப இது சபையின்ட சொத்து. சபையின்ட சொத்து ரோட்டில கிடக்கு, அதில உங்கட பேரும் கிடக்கு. இது முதல் இருந்ததை விட மோசமாப் போகுது."

"தம்பி..."

"எனக்கு விளங்குது ஐயா. ஆனா தீர்மானம் அப்பிடி. பொது இடத்தில விட்டுட்டுப் போற எந்தப் பொருளும் குப்பை. பேர் கிடந்தா, பேருக்குரிய ஆள் பொறுப்பு." கொஞ்சம் இரங்கி, "பதினாலு நாள் இரிக்கி. உங்கட விளக்கத்தை எழுத்தில தாங்க," என்றார். "ஒரு கடிதமா."

வல்லிபுரத்தார் வாதாடவில்லை. வாதாட முடியாத வாதம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் அதைச் சொந்தக் கையால் செய்து கொடுத்தவர். தன் கந்தோரில் பழைய கோப்புகளை நிறுத்து விற்பதற்கு மூன்று தடவை கையொப்பம் வைத்தவரும் அவர்தான். அந்தக் கோப்புகளுக்குள் எத்தனை பேர் சோறாக்காமல் கிடந்தார்களோ, அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

பின்னேரம் நாலரைக்குப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். காத்தான்குடியிலிருந்து வரும் றவூப்பின் கச்சான் வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. இத்தனை நாளும் அந்த வண்டியை அவர் குப்பையின் ஊற்றுக்கண்களில் ஒன்றாக மட்டுமே அறிந்திருந்தார். ஏழாம் கடிதத்தில் அப்படி எழுதியும் இருந்தார். மிச்சமிருக்கும் தாள்களை வாங்கிக்கொண்டு போய் வளவுக்குள் வைத்துக் கொளுத்திவிட வேண்டும். வேறு யோசனை எதுவும் அவரிடம் இல்லை.

"றவூப், சுருள் சுத்துற பேப்பர் எங்க எடுக்கிற நீங்க?"

"ஊர்ல பழைய பேப்பர்க் கடையில, சேர். கந்தோர்த் தாள்தான் நல்லம். கட்டியா இரிக்கும். பள்ளிக் கொப்பித் தாளெண்டா கச்சான்ட சூட்டுக்கே கிழிஞ்சு போகும். ஏன் சேர்?"

வண்டியின் பக்கத்தில் கம்பியில் குத்தியிருந்த தாள்களைக் காட்டி, "இது நான் எழுதின," என்றார்.

றவூப் கரண்டியைத் தாச்சியில் வைத்தார்.

"அல்லாவே! அந்த ஆள் நீங்களா?"

"எந்த ஆள்?"

"சோறாக்காத ஆள்!"

ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் என்பதற்குப் பிறகு ஊர் அவருக்குக் கொடுத்த அடுத்த பதவி இது.

"எங்கட ஊட்டுக்காரி ஹவ்வா உம்மாதான் சேர் சுருள் சுத்துறவ. சுத்த முதல் வாசிப்பா. இந்தக் கையெழுத்து வந்தா எனக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவா. குப்பைத்தொட்டிக் கதை வந்தா மட்டும் உட்டுட்டு வாசிப்பா, கோவிக்க வாணாம்." றவூப் ஒரு சுருளை விரித்துக் கச்சானை அள்ளினார். "உங்கட பொஞ்சாதி கனடாவால வந்துட்டாவா சேர்? அவ கேட்டுக்கிட்டே இரிக்கா. கம்பியில இரிக்கிற மிச்சத் தாளை அவ இன்னும் வாசிக்கல்ல."

வாவியில் தோணியொன்று எதிர்க்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வல்லிபுரத்தார் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வரல்ல."

"ஆறு மாசமெண்டுதானே எழுதியிருந்தீங்க?"

"ஓம். ஆறு மாசம்."

றவூப், நிரம்பியிருந்த சுருளுக்கு மேல் இன்னொரு கை கச்சான் போட்டார். அது நிற்காமல் கீழே சிந்தியது. பிறகு கம்பியிலிருந்து தாள்களைக் கழற்றி நீட்டினார். "மிச்சம் இவ்வளவுதான். கொண்டு போங்க சேர். நான் வேற பேப்பர்ல சுத்துறன்."

வல்லிபுரத்தார் தாள்கட்டை வாங்கினார். பதினைந்து, பதினாறு தாள் இருக்கும். கொளுத்தினால் ஒரு தேத்தண்ணி கொதிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அவர் போகவில்லை.

"ஹவ்வா உம்மா எது வரைக்கும் வாசிச்சவ?"

"நாய் வந்து உங்கட வாசல்ல படுக்கிறது வரைக்கும்."

"அது இருபத்தெட்டு."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியின் பலகையில் தாள்களைப் பரப்பினார். சிலது தலைகீழாக இருந்தது, சிலதின் இரண்டாம் பக்கம் வேறெங்கோ செருகியிருந்தது. இலக்கம் பார்த்து, பக்கம் பார்த்து அடுக்கினார். முப்பத்தாறாம் கடிதம் இல்லை. அதை ஆரோ எங்கோ கச்சானோடு முடித்திருந்தார்கள். ஓரங்களைத் தட்டி நேராக்கி, கட்டைத் திரும்ப நீட்டினார்.

"இந்த ஒழுங்கிலதான் சுத்தோணும். மேல இருந்து ஒவ்வொண்டா எடுக்கச் சொல்லுங்க."

"சரி சேர்," என்றார் றவூப், கந்தோர்ப் பியோன் கோப்பை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி.

தரிப்பிடத்து நீள மரவாங்கில், ஒரு முனையில் வல்லிபுரத்தார் தன் சுருளோடு இருந்தார். மறு முனையில், வேலை விட்டு வந்த ஒரு பெண், காலடியில் பையை வைத்துக்கொண்டு கச்சான் தின்றுகொண்டிருந்தாள். கடைசிக் கச்சானும் முடிந்ததும் சுருளைப் பிரித்து மூலையிலிருந்த உப்பை விரலால் தொட்டு நக்கினாள். பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்தாள். வரவில்லை. கையிலிருந்ததை வாசிக்கத் தொடங்கினாள்.

வல்லிபுரத்தார் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் மெதுவாக வாசித்தாள். ஒரு இடத்தில் புருவம் சுருங்கியது, குப்பைத்தொட்டியாக இருக்கலாம். பிறகு ஓரிடத்தில், பல் தெரியாமல், ஒரு சின்னச் சிரிப்பு. எந்த வரி? எழும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டால், இதை எழுதியது ஆர் என்று சொல்ல வேண்டி வரும். அவர் எழும்புவதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தாள் அவள் மடியிலிருந்து நழுவி விழுந்தது. காற்று அதை வாவிப் பக்கமாக இழுத்தது.

வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடி, தண்ணீருக்கு இரண்டடி முன்னால் அவர் அதைக் காலால் மிதித்துப் பிடித்தார். பத்தொன்பதாம் இலக்கம். நின்றபடியே முழுக்க வாசித்தார். முற்றத்துத் தென்னை பற்றி இருந்தது, வீட்டுக் கூரை ஒழுகுவது பற்றி இருந்தது, இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது பற்றி இருந்தது. சிரிக்கக்கூடிய வரி எதுவென்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழக்கதோஷத்தில் சுற்றிப் பார்த்தார், ஒரு தொட்டி இருக்குமா என்று. பிறகு வாங்குக்குத் திரும்பி வந்து, தாளைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துச் சுருக்கமெடுத்தார். எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி, அந்தப் பெண் இருந்த இடத்தில் வைத்தார். காற்றடித்தது. ஒரு கல்லைப் பொறுக்கி, கையொப்பம் மறையாமல், தாளின் மேல் வைத்தார். அடுத்த பஸ்ஸுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார்.

சபையின் தீர்மானப்படி அது குப்பை.