இருபத்து மூன்றாம் இழை

“அறுந்த இழைய வுட்டுட்டு…”

“மொதல்ல நான் சொல்றத…”

“வுட்டுட்டு மேல தள்ளினா பொடவ பூரா கோடு வுழும்! முப்பது வருஷமா தறியில ஒக்காந்துகினு இருக்கறவன் சொல்றேன் கமலம்!”

“பொடவையா நெய்யப் போறா அவ? பரீச்ச எழுதப் போறா, பரீச்ச! வராத கேள்விய வுட்டுட்டு அடுத்ததுக்குப் போவணும்னு வாத்தியாரே சொன்னாராம்.”

“வாத்தியாரு தறி நெய்ஞ்சிருக்காரா?”

“நீங்க பரீச்ச எழுதியிருக்கீங்களா?”

வேலூர் பஸ் இன்னும் ஆரணி பஸ் நிலையத்தை விட்டே நகரவில்லை. அதற்குள் முன் சீட்டு ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தாகிவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, “யாருங்க பரீச்ச எழுதறது? ரெண்டு பேருமா?” என்றான்.

இருவருக்கும் நடுவில் இடிபட்டுக்கொண்டிருந்த லீலாதான் எழுதப் போகிறவள். டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. நூறு கேள்வி, தொண்ணூறு நிமிஷம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள். சரியானது எதுவோ அந்த வட்டத்தைத் தனித்தாளில் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருஷமும் எழுதினாள். அறுபத்தொன்றாம் கேள்வியில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. தெரியாமல் தோற்கவில்லை, நேரம் போதாமல் தோற்றாள். அதை நம்பினது அம்மா மட்டும்தான்.

மாணிக்கவேல் மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் ஒண்ணும் கெட்டதுக்குச் சொல்லல. அச்சுல ஒரு பல்லு காலியா இருக்கலாமா, நீயே சொல்லு.”

அச்சு என்பது தறியில் சீப்பு மாதிரி நிற்கிறது. புடவையின் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒவ்வொன்றும் ஒரு பல்லுக்குள் நுழைந்து வரவேண்டும். பல் ஒன்று காலியாகப் போனால் புடவையின் நீளத்துக்கும் கோடு விழும், கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். லீலா எட்டு வயசில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ள ஆரம்பித்தபோது கேட்ட முதல் பாடமே இதுதான்.

கமலம் விடவில்லை. “நான் பாவு பிணைக்கறப்ப இன்னா செய்யறேன்? பழைய இழையையும் புது இழையையும் சேத்து முறுக்கிகினே போறேன். ஒண்ணு கெடைக்கலன்னா அங்கியே ஒக்காந்துகினு அழுவறனா? அது எடத்த வுட்டுட்டு அடுத்தத எடுக்கறேன். கடசீல திரும்பி வரேன்.”

“எடத்த வுடறதுதான் கஷ்டம். ஒண்ணு தப்பிச்சின்னா அத்தினியும் தப்பும்.”

“நான் தப்ப வுட்டுக்கறனா?”

“நீ வுட மாட்ட. இது கொழந்த.”

பஸ் கிளம்பியது. கண்ணமங்கலம் தாண்டியது. பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே மாணிக்கவேல் சொன்னார்: “இந்தத் தடவையும் இல்லன்னா தறிப் பலகைக்கு வந்துடு லீலா. உங்கம்மா முட்டி வீங்கிப் பூடுச்சு. ஒரு வருஷமா உன் எடத்துல ஒக்காந்துகினு இருக்கா.”

அவர் குரலில் கோபமே இல்லை.

பரீட்சை மண்டபத்தில் சுவர்க் கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதைப் பார்க்கவும் முடியாது, திரும்பினால் கண்காணிப்பாளர் முறைப்பார். அவளிடம் கைக்கடிகாரம் இல்லை. அது வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினதும் இல்லை. வீட்டில் ஒரு வருஷமாக அவள் நேரம் பார்த்தது அப்பாவின் தறியைக் கேட்டுத்தான். புடவை ஒரு விரல் அகலம் ஏறுவதற்குள் இத்தனை கேள்வி என்று கணக்கு வைத்திருந்தாள். பக்கத்து அறையில் தறி அடிக்க அடிக்க இங்கே அவள் பக்கம் புரட்டுவாள்.

இந்த மண்டபத்தில் தறி இல்லை. இருநூறு பேர் மூச்சு விடுகிற சத்தமும் காகிதம் புரளுகிற சத்தமும்தான். தறிச் சத்தம் கேட்காத இடத்தில் நேரம் நிற்கிறதா ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் இருபத்திரண்டு கேள்வி கடகடவென்று ஓடிவிட்டது. இருபத்து மூன்றாவது, இரண்டு லென்சைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்கிற கணக்கு. நேற்று சாயங்காலம்கூடப் போட்ட கணக்குதான். நுனி விரலில் தட்டுகிறது, பிடித்தால் வழுக்குகிறது. இன்னொரு தரம் போட்டாள், வேறு விடை வந்தது. மூன்றாம் தரம் போட்டாள்.

‘அறுந்த இழைய வுட்டுட்டு மேல தள்ளாத.’

தள்ளல நைனா. இதோ, முடிச்சிடறேன்.

“அரை மணி நேரம் ஆயிடுச்சு” என்றார் கண்காணிப்பாளர்.

முப்பத்து மூன்றில் இருக்க வேண்டியவள் இருபத்து மூன்றில் இருக்கிறாள். பத்து நிமிஷம் ஒரே இழையில் போய்விட்டது. அப்படியே போன வருஷம். இதே மாதிரிதான் அறுபத்தொன்றில் மணி அடித்தது.

‘வுடுடி! வுட்டுட்டு வா!’ அம்மாவின் குரல் பஸ்ஸில் கேட்டதைவிடக் கிட்டத்தில் கேட்டது.

விட்டாள். கேள்வித்தாளில் அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு இருபத்து நாலுக்குத் தாவினாள். சுலபம், மூன்றாவது விடை. கை போய் வட்டத்தைக் கறுப்பாக்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. இப்போது அவளை யாராலும் நிறுத்த முடியாது. நாற்பத்தொன்றில் திணறல், புள்ளி வைத்தாள், தாண்டினாள். ஐம்பத்தெட்டு, புள்ளி. எழுபத்தேழு, புள்ளி. கண் கேள்வியிலேயே இருந்தது. விடைத்தாளைப் பார்த்துக்கொண்டது கை மட்டும்தான்.

நூறாவது கேள்வியும் முடிந்தது. ஒரு மூச்சு விட்டாள். அம்மா சொன்னபடி இனி அந்த நாலுக்கும் திரும்பிப் போகலாம். விடைத்தாளில் இருபத்து மூன்றாம் வரிசையைத் தேடினாள்.

அது காலியாக இல்லை. கறுப்பாக இருந்தது.

கண் கீழே ஓடியது. நூறாம் வரிசை காலி. தொண்ணூற்றொன்பது காலி. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு காலி. நூறாவது கேள்விக்கு இப்போதுதானே விடை போட்டாள்? அது தொண்ணூற்றாறில் உட்கார்ந்திருந்தது.

கண் பார்க்காத நேரத்தில் கை பல்லை நிரப்பிவிட்டது. எட்டு வயசிலிருந்து பழகின கை. காலிப் பல் கண்ட இடத்தில் அடுத்த இழையைச் செருகிவிட்டது. இருபத்து மூன்றுக்குக் கீழே ஒரு விடைகூட அதனதன் இடத்தில் இல்லை.

அப்படியே எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது. கையைத் தூக்கினாள்.

“சார்… வேற தாள் ஒண்ணு…”

“கிடையாதும்மா. ரப்பர் வச்சிருக்க இல்ல?”

“இருக்கு சார். நேரம்?”

“பன்னெண்டு நிமிஷம்.”

பன்னிரண்டு நிமிஷத்தில் எழுபத்து நாலு வரிசை. மேலிருந்து அழித்துக்கொண்டு வந்தால் கீழே எது எதுவென்று தெரியாமல் போகும். அப்பா தப்பாக நெய்ததைப் பிரிக்கும்போது எங்கிருந்து பிரிப்பார்? கடைசியில் போட்ட இழையிலிருந்துதான். லீலா கீழே போனாள். தொண்ணூற்றாறில் இருப்பது நூறுக்கு. தொண்ணூற்றைந்தில் இருப்பது தொண்ணூற்றொன்பதுக்கு. சில இடத்தில் பழையதும் புதியதும் ஒரே வட்டமாக அமைந்தது. அந்த வரிசையைத் தொடாமல் தாண்டினாள், ஒவ்வொன்றும் பிச்சை மாதிரி இருந்தது.

எழுபத்தேழைக் காலியாக விடும்போது கை தானாக அதை நிரப்பப் போனது. விடு, விடு என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் தலைக்குள் தறி அடிக்க ஆரம்பித்தது. அழி, தீட்டு. அழி, தீட்டு. மிதியும் நாடாவும் போல. அறுபத்து நாலில் ரப்பர் அழுந்தித் தாள் மெலிந்துவிட்டது. வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. கிழிந்தால் தீர்ந்தது. அங்கே மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். ஐம்பத்தெட்டு காலி. நாற்பத்தொன்று காலி. நாற்பது. முப்பத்தெட்டு.

மணி அடித்தது.

“பென்சிலைக் கீழே வைங்க.”

முப்பத்திரண்டை அப்போதுதான் முடித்திருந்தாள். இருபத்து நாலிலிருந்து முப்பத்தொன்று வரை எட்டுக் கேள்விகளின் விடைகள் இன்னும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தன. பிடித்துக்கொண்டிருந்த அவள் விரலுக்கடியிலிருந்து தாளை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். காலைச் சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை என்பது நிற்கிற தூரத்திலேயே தெரிந்தது. கமலம் முட்டியைத் தாங்கித் தாங்கி ஓடி வந்தாள்.

“இன்னாடி, கையெல்லாம் இப்பிடிக் கறுப்பா கீது?”

“பென்சிலும்மா.”

“நூறும் பாத்தியா? கடசி வரைக்கும் போனியா?”

“போனேம்மா. நூறும் பாத்துட்டேன்.”

“பாத்தீங்களா!” கமலம் புருஷன் பக்கம் திரும்பினாள். “போன வருஷம் பாதியில நின்னா. இந்த வருஷம் நூறும் பாத்துட்டா! வுட்டுட்டுப் போடின்னேன், போயிருக்கா. நான் சொன்னா மட்டும் காதுல ஏறாது உங்களுக்கு!”

லீலா கைக்குள் இருந்ததை விரல் திறந்து பார்த்தாள். காலையில் புதுசாக வாங்கின ரப்பர் பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தது. மறுபடி மூடிக்கொண்டாள். எட்டா? அதற்கு மேலேயும் இருக்குமா? மெலிந்த இடத்தில் கறுப்பு சரியாகப் பதிந்திருக்குமா? அந்த எட்டு இல்லாமலே இடம் கிடைக்குமா, இல்லை தறிப் பலகைதானா? வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

மாணிக்கவேல் துண்டை எடுத்து மகளின் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“அப்ப நான் சொன்னதுல ஒண்ணு கூடவா உன் கைக்கு வரல, லீலா?”