வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

மே மாதத்து மாட்டுங்காவில் ஒரு பெண்மணி மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள் என்றால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லை தைராய்டு கெட்டிருக்க வேண்டும். சாருலதாவுக்குக் கெட்டிருந்தது தைராய்டு. ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்திக்கொண்டு அவள் சுருண்டிருக்க, பக்கத்தில் மகாதேவன் பனியன் நனையக் கிடப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறார். காற்றை விட்டுக்கொடுத்தது இந்த வருஷம்தான்.

செம்பூரில் டாக்டர் ஸ்ரீலேகா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ஹாஷிமோட்டோ.

"உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தைராய்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது. வேலியே பயிரை மேயற கதை" என்றார்.

மகாதேவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவருடைய கட்டிடத்தில் குடியிருப்போரைக் காக்க வேண்டிய சொசைட்டி கமிட்டியும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தைராய்டு சுரக்காததை மாத்திரையால் ஈடுகட்ட வேண்டும், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, ஆயுசுக்கும் என்றார் டாக்டர். அந்தப் பொறுப்பை மகாதேவன் ஏற்றுக்கொண்டார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் தாமதத்துக்குப் பேர்போனவர், இதில் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. விடிந்ததும் ஒரு கையில் மாத்திரையும் மறுகையில் ஆவி பறக்கும் காபி டம்ளருமாகக் கட்டிலருகே நிற்பார். அவள் விழுங்கிய பிறகுதான் அவருக்குக் குளியல். ஆனாலும் ரத்தத்தில் இறங்க வேண்டிய டி.எஸ்.ஹெச். என்கிற எண், இறங்கினேனா பார் என்று உட்கார்ந்திருந்தது. டாக்டர் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். எண் அசைந்துகொடுக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தைராய்டில் ஒரு கட்டி இருந்தது.

"கட்டி வர்றது சகஜம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இதோட ஓரம் எனக்குத் திருப்தியா இல்லை. கேன்சர் இல்லைன்னு ஊசி போட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்."

மகாதேவன் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். முன்னும் பின்னும் டாக்டர் சொன்ன நல்லதெல்லாம் காற்றோடு போயிற்று. ஊசியில் எடுத்ததன் முடிவு வரும்வரை அந்தச் சொல் அவள் கண்ணில் படவே கூடாது என்று தீர்மானித்தார். இங்கிலீஷ் பேப்பரின் ராசிபலனில் கடக ராசிக்கு அந்தப் பெயரைத்தான் போடுகிறார்கள். தினமும் பேப்பர் வந்ததும் கத்திரிக்கோலால் கடக ராசியை வெட்டி எறிந்தார்.

"ஏன்னா, பேப்பர்ல தினம் ஒரு ஓட்டை இருக்கே?"

"கரப்பான் தின்னிருக்கும்."

"இவ்வளவு சதுரமாவா?"

"மாட்டுங்காக் கரப்பாச்சே, படிச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ரசப்பொடி எந்த டப்பா, சாம்பார்ப்பொடி எந்த டப்பா என்று காட்டினாள்.

"இதெல்லாம் இப்போ எனக்கெதுக்கு?"

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்கோ."

இவள் இல்லாமல் தனக்கு ஒரு வேளைகூடக் கழியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "பொடி நெடி ஜாஸ்தி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டப்பா மூடித்தான் இருந்தது.

முடிவு வந்தது. டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேன்சர் இல்லை. ஹாஷிமோட்டோனால வந்த வீக்கம்தான். அப்பப்போ ஸ்கேன் எடுத்துக் கவனிச்சுக்கிட்டா போதும்."

மகாதேவன் தன் பூர்வீகமான பாலக்காட்டின் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டார். சாருலதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்குப் பிடிபடாதது இந்த டி.எஸ்.ஹெச்.தான்" என்றார் டாக்டர். "மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?"

"வெறும் வயித்துலதான்."

"எதோட?"

"காபியோட" என்று மகாதேவன் முந்திக்கொண்டார். "நானே போட்டுக் குடுக்கறேன். முதல் டிகாக்‌ஷன்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் வயித்துலன்னு சொன்னேனே, சார்?"

"வெறும் வயிறுதானே? காபியைத் தவிர ஒண்ணும் குடுக்கறதில்லையே!"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காபி வயிற்றுக்குள் போகிற பதார்த்தம் என்று அவர்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று சொல்கிறவர்கள், இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டேதான் அதைச் சொல்வார்கள்.

"காபி அந்த மாத்திரையை உடம்புல சேர விடாது" என்றார் டாக்டர். "இனிமே தண்ணியில முழுங்குங்க. அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது."

சாருலதா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் பதறிப்போனார். "சரி, சரி! ராத்திரி படுக்கறப்போ போட்டுக்கலாம்மா. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருந்தா போதும். காலைக் காபியில நான் கையே வைக்கலை."

அழுகை குறையவில்லை, உரத்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்து, என்ன வியாதியோ பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

"சாரு, பஸ் கரோ, போதும்! காபிதான் திரும்பிக் கிடைச்சாச்சே, இன்னும் எதுக்கு அழறே?" என்றார் மகாதேவன்.

"காபிக்கு அழுதது அப்பவே முடிஞ்சாச்சு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இது கேன்சருக்கு. ஊசி போட்ட அன்னிக்கே அழ வேண்டியது. நான் அழுதா நீங்க தாங்கமாட்டேளேன்னு அடக்கி வச்சிண்டிருந்தேன்."

மகாதேவன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்குவதற்குள் தன் முகத்தையே அதில் புதைத்துக்கொண்டு, அவளைவிட உரக்க அழ ஆரம்பித்தார். டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.