எட்டாத காது

விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு வேண்டியிருந்தவை இரண்டே சாமான்கள். ஒரு வலது கை, ஒரு இடது காது. பிறந்த தேதி யாருக்கு ஞாபகம் இருந்தது? புயல் அடித்த வருஷம், சிவப்பு மாடு செத்த வருஷம் என்று அம்மாமார் சொல்வதை வைத்து எந்த வாத்தியார் வயசைக் கணக்குப் போட முடியும்? அதனால் பிள்ளையை எதிரே நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயசு முடிந்தது, உள்ளே போய் உட்காரலாம். எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வர வேண்டியதுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தையாவது எவனாவது மீறுவான், இதை யாரும் மீறியதில்லை.

சின்னபொண்ணுவின் மகள் கிருஷ்ணவேணிக்குக் காது இரண்டும் நன்றாகவே இருந்தன. கைதான் கோளாறு. நடக்கப் பழகிய வயசில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வலது கையின் உயிரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை சூம்பிப்போய், தோளிலிருந்து சும்மா தொங்கியது. மற்ற எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்துகொண்டாள் வேணி. சாப்பிட்டாள், தலை வாரினாள், பாவாடை நாடாவைக்கூடப் பல்லால் பிடித்து இழுத்து முடிந்துகொண்டாள். கல்யாண வீடுகளில் மட்டும் அவளைப் பந்தியில் உட்கார வைக்கமாட்டார்கள். பீச்சாங்கையால் சாப்பிடுகிறவள் பக்கத்தில் எவள் உட்காருவாள்? கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு இலை விழும். அந்த இலைக்குப் பக்கத்தில் சின்னபொண்ணு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

புருஷன் துரைக்கண்ணு காணை கிராமத்துப் பக்கத்திலிருந்து மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். சின்னபொண்ணு அதே மண்டிக் கொட்டகையில் மல்லாட்டை உடைத்துக் கடலைப் பருப்பு எடுத்தாள். கூட உடைக்கிற பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஒரு கைய வச்சிக்கினு நாத்து நட முடியுமா, களை புடுங்க முடியுமா? எவன் வந்து கட்டிக்கினு போவப் போறான்? நீ கண்ண மூடிட்டா அது கதி என்னா?"

இதைத் தினமும் கேட்டுக்கேட்டுச் சின்னபொண்ணுவுக்கு வயிறு எரியும். எரிச்சலோடு நிமிர்ந்தால் எதிரே மண்டிக் கணக்குப்பிள்ளை தெரிவார். பாயில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையால் எழுதிக்கொண்டிருப்பார். இன்னொரு கை முதுகு சொறிவதைத் தவிர வேறு ஒரு வேலையும் செய்யாது. ஒருநாள் இது சின்னபொண்ணுவின் மண்டையில் பளிச்சென்று உறைத்தது. ஒரே கையை வைத்துக்கொண்டு சோறு தின்னக்கூடிய உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"பொட்டப் புள்ளைக்குப் பள்ளிக்கூடமா? உனக்கு என்னா பைத்தியமா புடிச்சிக்கினு கீது?" என்றான் துரைக்கண்ணு.

"ஆமா, புடிச்சிக்கினுதான் கீது" என்றாள் சின்னபொண்ணு.

முப்பத்தாறாம் வருஷம் விஜயதசமி அன்று மகளுக்குத் தலை நிறையப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். வேணிக்கு அப்போது ஆறு வயசு. அப்பன் மாதிரியே நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். வரிசையில் நின்ற பொடிசுகளுக்கு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். தலைமை வாத்தியார் அப்பாதுரை அவளைப் பார்த்ததும், "காதைத் தொடு" என்றார்.

வேணி சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கித் தலையைச் சுற்றி வலது காதைப் பிடித்துக் காட்டினாள்.

"அது பீச்சாங்கை. கால் கழுவுற கையால சரஸ்வதியத் தொடுவியா? சோத்தாங்கையத் தூக்கு."

சோத்தாங்கை அசைந்தது. மார்பு வரைக்கும்கூட வராமல் மறுபடி தொங்கிவிட்டது.

"எட்டல. அடுத்த வருஷம் இட்டுக்கினு வா."

"சார், அது சூம்பின கைங்க. அது எப்பவுமே எட்டாதுங்க."

"வயசு வந்தா எட்டும்மா. எட்டாத புள்ள ஒண்ணையும் நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அப்பாதுரை வாத்தியார் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளுக்குத் தன் காசில் பொரி வாங்கிக் கொடுக்கிற மனுஷர். ஆனால் ஒரு விதியைக் கையில் கொடுத்துவிட்டால் நல்ல மனுஷருக்கும் கண் தேவைப்படுவதில்லை. எதிரே நிற்பது என்ன என்று அவர் பார்க்கவே இல்லை. காது எட்டியதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்தார்.

சின்னபொண்ணு செய்த முட்டாள்தனமும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. வாத்தியாரின் விதி தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை, கைதான் தப்பு என்று தோன்றியது. தினமும் விடிந்ததும் விளக்கெண்ணெய் காய்ச்சிச் சூம்பின கையில் தேய்த்து, மேலே மேலே இழுத்தாள். வேணி கத்துவாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு, காது எட்டிடும்" என்று அழுதுகொண்டே இழுப்பாள். கை வளர்ந்தால்தானே? அது அந்தக் காய்ச்சலோடு நின்றுவிட்ட கை. தலைதான் வளர்ந்தது. அதனால் ஒவ்வொரு விஜயதசமிக்கும் வேணியின் காது அவள் கையைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. அவள் மடியில் தூக்கி வைத்து விளையாடின தெருக் குழந்தைகள் எல்லாம் காதைத் தொட்டு உள்ளே போய், ராகம் போட்டு எழுத்துப் படித்தன. அவள் வாசலோடு திரும்பி வந்தாள்.

வருஷத்துக்கு ஒரு தரம் வாத்தியாரோடு மல்லுக்கட்டிச் சின்னபொண்ணுவுக்கு ஒரு புதுப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. வயசைக் கூட்டிச் சொல்வது. வயசு பத்தாது என்றுதானே துரத்துகிறார்கள்? ஏழு வயசுப் பெண்ணை ஒன்பது என்றாள், எட்டு வயசுப் பெண்ணைப் பதினொன்று என்றாள். அப்பாதுரை வாத்தியார் அதற்கும் அசையவில்லை. வாய் பொய் சொல்லும், காது சொல்லாது என்பது அவர் கட்சி.

முப்பத்தொன்பதாம் வருஷம் மண்டிக்கு வேலைக்கு வந்த கிளியனூர்க்காரி ஒருத்தி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"திண்டிவனத்துல மிஷன்காரங்க பொட்டப் புள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் வச்சிக்கினு கீறாங்க. அங்கியே தங்கிப் படிக்கலாம். காதெல்லாம் தொடச் சொல்லமாட்டாங்க. ஜல்தி போயி கேளு."

சின்னபொண்ணு புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை ரயிலில் மகளோடு ஏறிவிட்டாள். வழி நெடுக வேணி ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் வெள்ளைப் புடவை கட்டிய, சாந்தமான அம்மாள். வேணியின் கையைப் பார்த்தார். எத்தனையோ பேர் பார்த்ததுபோல ஓரக்கண்ணால் பார்க்காமல், மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஒரு சாக்குக்கட்டியை நீட்டினார். வலது கையால்தான் வாங்கச் சொல்வாரோ என்று பயந்து வேணி தாயைப் பார்த்தாள்.

"எந்தக் கையால வேணும்னாலும் வாங்கிக்கலாம்" என்றார் டீச்சர்.

பலகையில் அவர் எழுதிக் காட்டிய 'ட'வைப் பார்த்து, பீச்சாங்கையால் வேணி ஒரு 'ட' போட்டாள். கொஞ்சம் கோணல். ஆனால் 'ட'தான். டீச்சர் சிரித்தார். சின்னபொண்ணுவுக்கு இத்தனை வருஷம் இழுத்த கையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

"புள்ளைக்கு வயசு என்னம்மா?"

பாவி, சின்னபொண்ணு அங்கேதான் போய் மாட்டிக்கொண்டாள். பழக்கம் வாயை முந்திக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்தி, "பன்னெண்டு முடிஞ்சி போச்சிங்க" என்றாள்.

டீச்சரின் முகம் வாடியது. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் பத்து வயசுக்கு மேல் சேர்ப்பதில்லை. இடம் கொஞ்சம், சின்னப் பிள்ளைகளே காத்திருக்கிறார்கள்.

சின்னபொண்ணுவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அலறினாள்.

"ஐயோ இல்லீங்கம்மா! ஒம்போதுதாங்க! நான் பெத்தவங்க, எனக்குத் தெரியாதா? அங்க வயசு பத்தலன்னு தொரத்துவாங்க, அதனால கூட்டிச் சொல்லிக்கினே பழகிடிச்சிங்க!"

டீச்சர் வேணியின் உயரத்தைப் பார்த்தார். தாயின் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் வயசைக் குறைத்துச் சொல்லும் தாய்மார்களை அவர் தினமும் பார்க்கிறவர். வயசு பத்தாது என்று பன்னிரண்டு வயசுக்காரியை எந்த ஊரில் துரத்துவார்கள்?

"பொய் சொல்லக் கூடாதும்மா" என்றார். அதையும் சாந்தமாகத்தான் சொன்னார்.

திரும்புகிற ரயிலில் வேணி கேட்டாள். "ஏம்மா பன்னெண்டுன்னு சொன்ன?"

சின்னபொண்ணு தன் கன்னத்தில் தானே பளார் பளார் என்று அறைந்துகொண்டாள். எதிர்ப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விழுப்புரத்தில் அவள் மகளுக்கு வயசு போதவில்லை. திண்டிவனத்தில் வயசு மிஞ்சிவிட்டது. நடுவில் ரயில் நிற்கிற ஏதாவது ஒரு ஊரில் அவள் வயசு சரியாக இருந்திருக்கும். அங்கே பள்ளிக்கூடம் இருக்காது.

சீமையில் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷமும் விஜயதசமி வந்தது. சின்னபொண்ணு எழுந்திருக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். வேணிதான் அவளை உலுக்கி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்பாதுரை வாத்தியார், "காதைத் தொடு" என்றார்.

வேணி பல்லைக் கடித்துக்கொண்டாள். இடது கையால் சூம்பின கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். விறகுக் கட்டையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு இழுப்பு இழுத்தாள். தோளில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் தெறித்தது. தலையைச் சாய்த்துக் காதைக் கொண்டுபோய் அந்தச் செத்த விரல்களின்மேல் முட்டினாள்.

"எட்டிடிச்சி சார்."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா? வயசு வந்தா எட்டும்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

சின்னபொண்ணு ஆமாங்க, ஆமாங்க என்று தலையை ஆட்டினாள். அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அன்று தெருவெல்லாம் வெல்லம் போட்ட பொரி கொடுத்தாள். துரைக்கண்ணுகூட ஒரு பிடி வாங்கித் தின்றான்.

மறு வாரம் ஒருநாள் மத்தியானம், கேப்பைக் கூழை எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனாள். வாத்தியார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். வேணி மட்டும் வகுப்பில் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே சிலேட்டு இருந்தது, அதில் ஒரு கோடுகூட இல்லை. மகள் உட்கார்ந்திருந்த விதம் ஏதோ மாதிரி இருக்கவே சின்னபொண்ணு கிட்டே போய்ப் பார்த்தாள்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து, துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"யாருடி கட்டனது?"

"சாருதாம்மா. பீச்சாங்கையால எழுதக் கூடாதாம். இத மாதிரி எத்தினியோ பசங்களத் திருத்திக் கீறாராம். கொஞ்ச நாள் கட்டி வச்சா சோத்தாங்கைக்கு எழுத்து தானா வந்துடுமாம்." வேணி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அடிக்கலம்மா. வலிக்குதான்னு கேட்டுத்தான் கட்டனாரு."

சின்னபொண்ணு கூழ்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முடிச்சில் கை வைத்தாள்.

"அவுக்காதம்மா!"

"சும்மா இருடி. இருக்கிறது ஒரு கை. அதையும் கட்டிப் போட்டுட்டா..."

"அவுத்தா வெளிய போன்னுடுவாருமா." வேணி உடம்பைத் திருப்பிக்கொண்டாள். "எனக்குப் படிக்க வருதும்மா. பலகையில எழுதறத நான்தான் மொதல்ல சொல்றேன். எழுதத்தான் வரல. அவுக்காதம்மா, உன் கால்ல வுழறேன்."

சின்னபொண்ணு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  எங்கே கூட்டிக்கொண்டு போவது? திண்டிவனத்துக்கா? மண்டிக்கா? பிறகு கூழைக் கரைத்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து தன் கையாலேயே சாப்பிட்ட பெண்ணுக்கு, கைக்குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி வாய் வாயாக ஊட்டிவிட்டாள். வேணி மடமடவென்று குடித்தாள். நல்ல பசி.

வாய் துடைத்துவிடும்போது முடிச்சு நெகிழ்ந்துபோயிருப்பதைப் பார்த்தாள். அவள் கைவைத்தபோதே இளகியிருக்க வேண்டும். வாசல் பக்கம் வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. வேணி பயந்துபோய்த் தாயைப் பார்த்தாள்.

சின்னபொண்ணு மகளின் முதுகுப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, துணியின் இரண்டு முனையையும் பிடித்து, தன் கையாலேயே முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.